சொத்தையை மறைத்த மச்சானோடு கோயம்புத்தூர் போன கதை

இந்த வலைப்பூவில் இதுவரை நான் எழுதியதெல்லாம் மலை, அருவி, அணை, அங்கே கிடைக்கும் பரோட்டா, இவ்வளவுதான். சென்ற மாதம் வாசகர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். உடல் எடையைக் குறைக்கும் ஆபரேஷனுக்காக அப்பாவைக் கோயம்புத்தூர் கூட்டிப் போகப் போகிறாராம். நான் போய் வந்ததாகக் கேள்விப்பட்டு விவரம் கேட்டிருந்தார். போய் வந்தது உண்மைதான். ஆனால் ஆபரேஷன் எனக்கில்லை, என் மச்சானுக்கு. எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "என் தொப்பைய ஊரே பாத்திருக்கு மாப்ள, எழுது. நான் பண்ணுன கிறுக்குத்தனத்தையும் விடாம எழுது. நாலு பேருக்கு ஆகும்" என்றார். ஆகவே இரண்டையும் எழுதுகிறேன்.

மச்சான் பெயர் சவரிமுத்து. என் அக்கா மேரியின் கணவர். திண்டுக்கல் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறார். வீடு அகரத்தில். அப்போது வயது நாற்பத்திரண்டு. ஆள் பார்க்கக் கலகலப்பானவர். கடையில் உட்கார்ந்து சத்தம் போட்டால் எதிர்வரிசையில் தக்காளி விலை குறையும் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. ஆனால் மூன்று வருடமாக அவர் படுத்துத் தூங்கவில்லை. படுத்தால் மூச்சு அடைக்கும். அதனால் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம். அதிலும் குறட்டை நடுவில் திடீரென்று நின்றுவிடும். உடனே அக்கா எழுந்து தோளைத் தட்டுவாள். ஒரு விக்கலோடு மூச்சு திரும்ப வரும். அக்காவும் மூன்று வருடமாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்கூட.

இத்தோடு சர்க்கரை, இரத்த அழுத்தம். இரண்டுக்கும் மாத்திரை. ஒருநாள் விடிகாலை மார்க்கெட்டுக்குப் போகும்போது தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் வண்டியிலேயே கண் அசந்து, நல்ல வேளையாக ஒரு வைக்கோல் போருக்குள் போய்ச் சொருகிக்கொண்டார். அன்றைக்குத்தான் அக்கா அழுதுவிட்டு என்னிடம் வந்தாள். இப்படியொரு ஆபரேஷன் இருப்பதாக நான் பத்திரிகையில் படித்திருந்தேன். கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் பேசி நேரம் வாங்கினேன். ஆபரேஷன் கிடைத்தால் மச்சான் பிழைப்பார், கிடைக்காவிட்டால் என்ன ஆவார் என்று யோசிக்கவே எங்களுக்குத் துணிச்சல் இல்லை.

புறப்பட்டது 2009 பிப்ரவரியில், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம். திண்டுக்கல்லில் இருந்து கோவைக்குச் சுமார் 165 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் ஐம்பத்தைந்து ரூபாய்தான், நாலரை மணி நேரம். ஆனால் மச்சானின் உடம்புக்குப் பஸ் சீட் ஒத்துவராது என்று அம்பாசிடர் கார் ஒன்றைப் பேசினோம். போக, வர, ஒருநாள் தங்க 2,400 ரூபாய், டிரைவர் படி தனி. டிரைவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், முருகேசன் என்று பெயர். காலை ஐந்தரைக்கு அகரத்தில் அவர்களை ஏற்றிக்கொண்டு, ஆறு மணிக்குத் திண்டுக்கல் பஸ் நிலையத்துக்கு எதிரில் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

காரில் ஏறி உட்கார்ந்ததுமே ஏதோ சரியில்லை என்று புரிந்தது. மச்சான் முன் சீட்டில் கம்மென்று இருந்தார். அக்கா பின்னால் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"மாத்திரை டப்பா, பழைய ரிப்போர்ட்டு, எல்லாத்தையும் வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டாருடா. கேட்டா, சுகர் இருக்குன்னு அங்கன மூச்சு விடக்கூடாதாம்" என்றாள் அக்கா.

மச்சான் திரும்பாமலேயே பதில் சொன்னார். "மாப்ள, உனக்குத் தெரியாதது இல்ல. நம்ம சூசை அண்ணன் குடலிறக்கத்துக்கு ஆப்பரேசன்னு போயி, சுகர் இருக்குன்னு ரெண்டு வாட்டி திருப்பி அனுப்புனாங்களா இல்லையா? எனக்கு அது இருக்கு, இது இருக்குன்னு நாமளே வாசிச்சா, இந்த ஆளு தாங்க மாட்டான்னு வாசல்லயே அனுப்பிருவான். குண்டா இருக்கேன், அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் இல்ல. யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

படித்தவன் என்று பெயர் வாங்கிய எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆபரேஷன் என்றால் திடமான உடம்புக்காரருக்குத்தான் செய்வார்கள், நோயாளியாகத் தெரிந்தால் கைவிட்டுவிடுவார்கள் என்று நானும் நினைத்தேன். அதனால் சும்மா இருந்துவிட்டேன். மார்க்கெட்டில் மூட்டை கட்டும் விதம் தெரிந்தவர்களுக்கு மச்சானின் கணக்கு புரியும். வாய்ப்பக்கம் நல்ல கத்தரிக்காயாக அடுக்குவார்கள், சொத்தையெல்லாம் அடியில் கிடக்கும். வாங்குகிறவன் வாயை அவிழ்த்துப் பார்த்து விலை சொல்லுவான். இருபது வருடமாக அந்தத் தொழில் செய்கிறவர் தன்னையும் அப்படியே கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

ரெட்டியார்சத்திரம் தாண்டுவதற்குள் அவர் தூங்கிவிட்டார். வலப்பக்கம் வெயில் ஏறாத வயல்கள், இடப்பக்கம் தூரத்தில் மலை. தைப்பூசம் முடிந்துவிட்டதால் பாதயாத்திரைக் கூட்டம் இல்லை, ரோடு காலியாக இருந்தது. குறட்டை காரின் என்ஜினையும் மிஞ்சியது. ஒட்டன்சத்திரத்துக்கு (32 கிலோமீட்டர்) நாலைந்து கிலோமீட்டர் இருக்கும்போது குறட்டை சட்டென்று நின்றது. முருகேசன் ஒருமுறை பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார், பிறகு காரை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டிவிட்டார்.

"ஏனுங்க, அண்ணனுக்கு மூச்சே வரலீங்களே!" என்றார்.

அக்கா பின் சீட்டில் இருந்தே எட்டி மச்சானின் தோளைத் தட்டினாள். பெரிய விக்கல் ஒன்று வந்தது. குறட்டை மறுபடி ஆரம்பித்தது. "அப்பப்ப இப்படித்தான் தம்பி. நீங்க ஓட்டுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் இடித்தால் தள்ளி உட்காரச் சொல்வோமே, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். முருகேசன் அதன்பின் ரோட்டைப் பார்த்ததைவிட மச்சானைப் பார்த்ததுதான் அதிகம்.

பழனியில் ஏழரைக்கு இட்லிக்கு நிறுத்தினோம். அடிவாரத்துக்குப் போகும் வழியில் நல்ல சிறிய ஓட்டல் ஒன்று, மூன்று பேருக்கு அறுபது ரூபாய். மூன்று பேர் என்று சொல்கிறேனே, மச்சான் சாப்பிடவில்லை. "வெறும் வயித்துல போறேன். ரத்தம் எடுத்தா சுகர் கம்மியாக் காட்டணும்" என்றார். முருகேசன் தன் வீட்டுக்கென்று அரைக் கிலோ பஞ்சாமிர்தம் ஒரு டப்பா வாங்கி, காரின் முன்பக்கம் வைத்துக்கொண்டார்.

உடுமலைக்கு முன்னால், காற்றாலைகள் தெரிய ஆரம்பிக்கும் இடத்தில், மச்சானுக்குச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. கை நடுங்கியது. ஏதோ கேட்டால் ஏதோ சொன்னார். அக்கா அவர் சட்டைப் பையைத் துழாவி ஒரு காலி மாத்திரை அட்டையை எடுத்தாள். சாப்பாட்டோடு காலையில் ஒன்று போட வேண்டிய சர்க்கரை மாத்திரை. விடிகாலையில் வெறும் வயிற்றில் இரண்டாகப் போட்டிருக்கிறார். டப்பாவை வீட்டில் வைத்துவிட்டு, இதை மட்டும் ஒளித்து எடுத்து வந்திருக்கிறார்.

"படுபாவி மனுசா!" என்று அக்கா கத்தியதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். முருகேசன் காரை நிறுத்தி, யோசிக்காமல் பஞ்சாமிர்த டப்பாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். அக்கா விரலால் வழித்து வழித்து மச்சானின் வாயில் ஊட்டினாள். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. "நம்ம மாதாவ விட்டுட்டு வந்ததுக்குப் பழனி முருகன் கைகொடுத்துட்டாரு" என்று மச்சான் சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அங்கிருந்து பொள்ளாச்சி வழியாகக் கோவை வரும்வரை அக்கா அந்தக் காலி அட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

பத்தரைக்கு ஆஸ்பத்திரி. பதிவுக் கட்டணம் நூறு, டாக்டர் பார்க்க 250. முதலில் உயரமும் எடையும் எடுத்தார்கள். உயரம் 168 சென்டிமீட்டர், எடை 101 கிலோ. பிறகு காத்திருப்பு. எங்களுக்கு முன்னால் உள்ளே போன ஒரு பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். தாயாரோடு வந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அழுதுகொண்டே வெளியே வந்தது. "அடுத்த மாசம் மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாராங்கன்னு சொன்னேனுங்க. அம்மிணிக்கு ஆபரேசன் பண்ற அளவுக்கு எடையே இல்லைன்னுட்டாருங்க" என்று தாயார் என்னிடம் சொன்னார். எனக்கென்னவோ அந்தப் பெண் நிம்மதியில் அழுததுபோலத்தான் தெரிந்தது. அழகுக்காகச் செய்கிற ஆபரேஷன் இல்லை இது என்று எனக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது.

எங்கள் முறை வந்தது. டாக்டர் ஐம்பது வயதுக்காரர், அவசரப்படாதவர். எடையை உயரத்தால் (மீட்டரில்) வகுத்து, வந்ததை மறுபடி உயரத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. என்றார். மச்சானுக்கு அது கிட்டத்தட்ட 36. சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, மூட்டு வலி, தூக்கத்தில் தொந்தரவு, ஏதாவது மாத்திரை, என்று வரிசையாகக் கேட்டார். மச்சான் எல்லாவற்றுக்கும் "இல்லீங்க டாக்டர்" என்றார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் பேனாவை மூடினார். "நல்ல விஷயம்தானே. வேற எந்த வியாதியும் இல்லைன்னா நம்ம நாட்டு உடம்புக்கு முப்பத்தேழரைக்கு மேல இருந்தாத்தான் நாங்க ஆபரேஷனைப் பத்தியே பேசுவோம். நீங்க அதுக்குக் கீழ இருக்கீங்க. உங்களுக்கு ஆபரேஷன் தேவையில்லை. சாப்பாட்டு முறை எழுதித் தரச் சொல்றேன், நடைப்பயிற்சி பண்ணுங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க."

மச்சானின் முகத்தை நான் மறக்க மாட்டேன். நல்ல சரக்கு என்று காட்டி, அதனாலேயே வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட முகம். எழுந்திருக்க நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். நானும் எழுந்துவிட்டேன். அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், இவரு மூணு வருசமாப் படுத்ததே இல்ல" என்றாள்.

"மேரி!" என்றார் மச்சான்.

"நீங்க சும்மா இருங்க." அக்கா டாக்டரைத்தான் பார்த்தாள். "நாக்காலில உக்காந்துதான் தூங்குறாரு. அதுலயும் மூச்சு நின்னு போகுது. நான் முழிச்சுக்கிட்டே கெடந்து தட்டி விடுறேன். சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு. காலைல ரெண்டு மாத்திரைய முழுங்கிட்டு வழியில மயங்கப் பாத்தாரு. ஆப்பரேசன் பண்ண முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. ஆனா எல்லாத்தையும் கேட்டுட்டுச் சொல்லுங்க. இனி என்னால முடியல டாக்டர். எனக்குத் தூக்கம் வருது."

நான் அவளுடைய தம்பி, பக்கத்திலேயே நிற்கிறேன், என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டாக்டர் மூடிய பேனாவைத் திறந்தார். மச்சானிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். மச்சான் நாற்காலியின் கைப்பிடியை விட்டுவிட்டு, "நான் மார்க்கெட்டுக்காரன் டாக்டர். சொத்தைக் காய மேல வச்சு மூட்டை கட்டுவாங்களா?" என்றார். டாக்டர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "இங்க நாங்க மூட்டைய அடியிலேருந்துதான் பாப்போம் அண்ணாச்சி. சர்க்கரை, பிரஷர், தூக்கத்துல மூச்சு நிக்கிறது, இதெல்லாம் எடையால வர்றது. இதுல ஒண்ணு இருந்தாலே முப்பத்திரண்டரைக்கு மேல ஆபரேஷனை யோசிக்கலாம். நீங்க எதை ஒளிச்சீங்களோ, அதுக்காகத்தான் இந்த ஆபரேஷனே."

சூசை அண்ணன் கதையையும் மச்சான் கேட்டுவிட்டார். அதற்கும் பதில் கிடைத்தது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் எந்த ஆபரேஷனையும் கொஞ்ச நாள் தள்ளி வைப்பார்கள், அது பாதுகாப்புக்கு. தள்ளி வைப்பது வேறு, தகுதி இல்லை என்பது வேறு. நாங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தோம்.

பி.எம்.ஐ. மட்டும் போதாது என்றும் டாக்டர் சொன்னார். சாப்பாட்டைக் குறைத்து முன்பே முயற்சி செய்திருக்க வேண்டும், அது பலிக்காமல் போயிருக்க வேண்டும். "டயட் இருந்திருக்கீங்களா?" என்று கேட்டதற்கு மச்சான், "வருசா வருசம் நாப்பது நாள் தவக்காலம் இருக்கேன் டாக்டர். கறி, மீன் தொட மாட்டேன், ஒரு வேளைதான் சோறு. ஆறேழு கிலோ குறையும். ஈஸ்டருக்குப் பெறகு அம்புட்டும் வட்டியோட வந்துரும்" என்றார். டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். குடிப்பழக்கம் இருக்கக் கூடாது, தைராய்டு போன்ற வேறு காரணத்தால் எடை ஏறியிருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும், மயக்க மருந்தை இருதயம் தாங்க வேண்டும், மனநல ஆலோசகர் ஒருவர் பேசிப் பார்ப்பார். ஆயுளுக்கும் கொஞ்சமாகச் சாப்பிடவும், சத்து மாத்திரை போடவும், தவறாமல் வந்து காட்டவும் சம்மதம் வேண்டும். இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாதவருக்கு எடை எவ்வளவு இருந்தாலும் செய்ய மாட்டார்களாம்.

அன்றைக்கே இரத்தப் பரிசோதனை. இரண்டு மாத்திரை போட்டும் பட்டினி கிடந்தும் பிரயோசனமில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஒரு சோதனை இருக்கிறது, அது உள்ளதைச் சொல்லிவிட்டது. இரவு தூக்கப் பரிசோதனைக்கு அவரை அங்கேயே தங்கச் சொன்னார்கள். மூச்சு எத்தனை முறை நிற்கிறது என்று கருவியில் பதிவு செய்து, பிறகு காற்றை அழுத்தி அனுப்பும் முகமூடி ஒன்றைப் போட்டுப் பார்ப்பார்களாம். அக்காவுக்கு அறையில் ஒரு துணைக்கட்டில் கொடுத்தார்கள். நான் பக்கத்து லாட்ஜில் தங்கினேன், 350 ரூபாய், வெந்நீர் உண்டு, கொசு அதிகம். முருகேசன் காரிலேயே படுத்துக்கொண்டார்.

காலை ஆறு மணிக்குக் காபி வாங்கிக்கொண்டு போனேன். மச்சான் படுத்திருந்தார். நாற்காலியில் இல்லை, கட்டிலில், முகத்தில் முகமூடியும் குழாயுமாக, நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். துணைக்கட்டிலில் அக்கா, ஒருக்களித்து, வாயைத் திறந்தபடி அசந்து தூங்கினாள். நர்ஸ் உதட்டில் விரலை வைத்தார். நான் இரண்டு காபியையும் முருகேசனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

தகுதி உண்டு என்று தீர்ப்பானது, ஆனால் உடனே இல்லை. ஆறு வாரம் அந்த முகமூடிக் கருவியை வாடகைக்கு எடுத்துப் போட்டுத் தூங்கவும், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரவும் சொன்னார்கள். ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வாரம் ஆபரேஷன் நடந்தது. அந்த வருடத் தவக்காலம் நாற்பது நாளும் பத்தியமும் ஒன்றாகவே ஓடிவிட்டன. ஈஸ்டர் அன்று கறிக்குழம்பைப் பார்த்துக்கொண்டு மோர் குடித்ததுதான் வாழ்க்கையில் செய்த பெரிய தவம் என்று மச்சான் இன்றும் சொல்வார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பழைய ரிப்போர்ட், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மாத்திரையைக் கூட்டியோ குறைத்தோ போடாதீர்கள், காரில் எல்லா டிரைவரும் பஞ்சாமிர்தம் வைத்திருக்க மாட்டார்கள். நோயாளியோடு கூடத் தூங்குகிறவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், தூங்குகிறவருக்குத் தன் தூக்கம் தெரியாது. எடை டாக்டர் சொல்லும் அளவுக்குக் கீழே இருந்தால் ஆபரேஷனுக்கு வற்புறுத்தாதீர்கள். எங்களுக்கு ஆன மொத்தச் செலவு இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல், காப்பீடு எதுவும் வரவில்லை. நான் எழுதியுள்ள அளவுகள் எங்கள் டாக்டர் அன்று சொன்னவை. ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குள் பழனியைத் தாண்டிவிட்டால் பொள்ளாச்சி வரை ரோடு சுகம்.

மச்சான் இப்போது எழுபத்தெட்டுக் கிலோ. முகமூடியும் வேண்டாம் என்று சென்ற மாதம் சொல்லிவிட்டார்கள். போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் அக்காவைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. என்னக்கா, தூங்கவில்லையா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"ராத்திரி சத்தமே இல்லடா. பயந்துபோயி எந்திரிச்சு உக்காந்துட்டேன். தோளத் தட்டப் போயிட்டேன். பாத்தா, சும்மா தூங்கிக்கிட்டு இருக்காரு" என்றாள். "தட்டாம விட்டுட்டேன். விடியிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன்."